தேயிலை மலை ரயில் மொடல்: மலைக்கும் தேயிலைக்கும் என்ன சாமான் பாவிக்கலாம்?

கொட்டகலை_லைன்

எல்லாருக்கும் வணக்கம். மாமா வெளிநாட்டுல இருந்து வரும்போது ஒரு எச்.ஓ. (1க்கு 87 அளவு) ரயில் செட் கொண்டாந்து குடுத்தாரு, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம், டீசல் இஞ்சின் ஒண்ணு, பெட்டி மூணு. அதை தரையில வட்டமா போட்டு ஓட்டிப் பார்த்துட்டு திரும்ப பெட்டிக்குள்ள வைக்க எனக்கு மனசு வரல. நம்ம இலங்கை மலைநாட்டுல, ஹட்டன்ல இருந்து வர்ற ரயில் சிங்கமலை சுரங்கத்தை விட்டு வெளிய வந்த உடனே தெரியுற தேயிலை மலை, அதுக்குக் கீழ எங்க அப்பாயி இருந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), அந்த ஒரு துண்டை செய்யணும்னு ஆசை. லயத்தை உடைச்சாச்சு, கையில ரெண்டு பழைய போட்டோதான் இருக்கு.

முன்ரூம்ல எட்டடிக்கு மூணடி இடம் இருக்கு. ஒன்லைன்ல வர்ற புல்லு பைக்கற்று, மர பைக்கற்று எல்லாம் வாங்க வசதி இல்ல, வாங்கினாலும் அந்தப் பச்சை நம்ம மலைப் பச்சை மாதிரி தெரியல. மலைக்கு அடியில என்ன வைக்கலாம், பேப்பரும் பசையுமா, ரிஜிபோமா (தெர்மோகோல்)? தேயிலைச் செடிக்கு என்ன? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

வட்டவளை_மழை

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பேப்பரும் கோதுமை மா பசையும் வச்சு மலை கட்டாதீங்க. நான் கட்டினேன். கம்பி வலையை வளைச்சு அதுக்கு மேல பேப்பர் துண்டு துண்டா மா பசையில நனைச்சு நாலு அடுக்கு ஒட்டி, காய வச்சு, பெயின்ட் அடிச்சு, மார்ச் மாசம் முடிச்சேன், பார்க்க அவ்வளவு அழகா இருந்திச்சு. ஜூன்ல மழை பிடிச்சுது. எங்க ஊரு மழை ஒங்களுக்கே தெரியும், மூணு கிழமை வெயிலே இல்ல. முதல்ல ரூம்ல ஒரு வாடை வந்திச்சு, எங்க இருந்துன்னு விளங்கல. அப்புறம் சுரங்க வாய்க்குள்ள டோர்ச் அடிச்சுப் பார்த்தா உள்பக்கம் முழுக்க சாம்பல் கலர்ல பஞ்சு மாதிரி பூஞ்சணம். விரலால அமுக்கினேன், மலை உள்ள போயிருச்சு. கரப்பான் வேற குடும்பமா இருந்திச்சு. எல்லாத்தையும் தூக்கி குழியில போட்டோம், மகன் ரெண்டு நாளா யாரோடயும் கதைக்கல.

பூஞ்சணத்துக்கு மாவும் பேப்பரும் சாப்பாடு. ரிஜிபோமையோ பிளாஸ்டரையோ அது சாப்பிடாது. அதனால ரெண்டாவது தரம் ரிஜிபோம்தான். மீன் கடையில மீன் வர்ற பெட்டி சும்மாவே தருவாங்க, சவர்க்காரம் போட்டு ரெண்டு தரம் கழுவி காய வச்சீங்கன்னா வாடை போயிரும். டிவி வர்ற பெட்டிக்குள்ள இருக்குறதும் நல்லது, அது கொஞ்சம் இறுக்கமா இருக்கும். பாண் வெட்டுற பல்லுக்கத்தியால வெட்டி, அடுக்கி ஒட்டி, மேல பார்மசியில விக்கிற பிளாஸ்டர் பேண்டேஜ் (கை முறிஞ்சா கட்டுறது) தண்ணியில நனைச்சு ஒரே ஒரு அடுக்கு போடுங்க. கல்லு மாதிரி ஆயிரும்.

பதுளை_கடைசி_ஸ்டேஷன்

அண்ணே சொல்றதை மறுக்கல, ஆனா பேப்பர் மலை கூடவே கூடாதுன்னு சொல்ல ஏலாது. எங்கிட்ட நாலு வருசமா ஒண்ணு இருக்கு, தெமோதரை வளைவு, ரயில் தன்னோட ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள்ள போற இடம். பேப்பரும் பசையும்தான், பசையில கொஞ்சம் மயில்துத்தம் கலந்தேன், புஸ்தகம் கட்டுறவங்க செய்ற மாதிரி. இன்னிக்கு வரைக்கும் ஒரு புள்ளி பூஞ்சணம் இல்ல. பாரமும் இல்ல, செலவும் இல்ல, ஒரு கையால தூக்கலாம். ரிஜிபோம் வெட்டினா அந்த வெள்ளை மணி வீடு முழுக்க பறந்து உடுப்புல ஒட்டி, வீட்டுல ஏச்சு வாங்காம செய்ய ஏலாது.

ஒண்ணு மட்டும், மயில்துத்தம் நஞ்சு. சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுல அதைத் தொடாதீங்க, கையுறை போட்டு கலக்குங்க.

வட்டவளை_மழை

ஒங்க பக்கம் வேற, எங்க பக்கம் வேற தம்பி. தென்மேல் பருவ மழை மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் நாவலப்பிட்டி, வட்டவளை, ஹட்டன் பக்கம்தான் கொட்டும், அந்த நேரம் பதுளை, பண்டாரவளையில காத்தும் வெயிலும். ஒங்களுக்கு மழை வர்றது வருசக் கடைசியில. எங்க வீட்டுல பெட்டிக்குள்ள வச்ச சப்பாத்துலயே பூஞ்சணம் பிடிக்குது. இந்தத் தம்பி கேக்குறது கொட்டகலைக்கு, அதனாலதான் அடிச்சு சொல்றேன். பேப்பர்தான் வேணும்னா மா பசையை விட்டுட்டு பைண்டர் கம் (வெள்ளைப் பசை) பாவிக்கட்டும், அது கொஞ்சமாவது தாங்கும்.

அடிப் பலகையும் கவனம். எம்.டி.எஃப். ஈரத்தை இழுத்து ஓரம் ஊதிரும், தண்டவாளம் மேடு பள்ளமாயிரும். பிளைவூட் எடுத்து ரெண்டு பக்கமும், முக்கியமா வெட்டின ஓரத்துக்கும், பெயின்ட் அடிச்சுட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்க.

அஞ்சு_செயின்_வளைவு

சாமானுக்கு முதல் அளவைப் பாருங்க, இல்லாட்டி சாமான் வீணாகும். நம்ம மலைநாட்டு லைன்ல ஆகக் குறுகின வளைவு 5 செயின், ஏறக்குறைய 100 மீட்டர். எச்.ஓ. 1க்கு 87, அப்ப அதே வளைவு ஒங்க மேசையில 115 சென்டிமீட்டர் ஆரை. மூணடி அகலத்துல முழு வட்டம் வராது, அதனால ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் லேசா வளைஞ்சு போற மாதிரி வைங்க. ஏத்தம் 44க்கு 1, எட்டடி நீளத்துல ரெண்டு இஞ்சிக்கு கொஞ்சம் கூட. கண்ணுக்கு அது நல்லாவே தெரியும். சிங்கமலை சுரங்கம் 560 மீட்டருக்கு மேல, அப்படியே செஞ்சா ஆறரை மீட்டர் வரும். வாய் மட்டும் செஞ்சு, உள்ள ஒரு அடி கறுப்பு பெயின்ட் அடிச்சு விட்டா போதும்.

இன்னொன்னு, நம்ம லைன் அகலம் 5 அடி 6 இஞ்சி, 1676 மில்லிமீட்டர். எச்.ஓ. அளவுல அது 19 மில்லிமீட்டருக்கு மேல வரணும், ஒங்க தண்டவாளம் 16.5. தெரிஞ்சவங்க கண்ணுக்கு ஒடுக்கமா தெரியும், ஆனா அதுக்காக செட்டை மாத்தணும்னு நான் சொல்ல மாட்டேன். சிலிப்பர் கட்டைக்கு வெளிய சல்லியை கொஞ்சம் அகலமா போட்டீங்கன்னா அந்த ஒடுக்கம் தெரியாம போயிரும்.

சித்திர_டீச்சர்

எனக்கு ரயில் பத்தி பெருசா தெரியாது, ஆனா தலவாக்கலையில பிறந்து வளர்ந்தவ, பிள்ளைகளோட கண்காட்சிக்கு தேயிலை மலை மூணு தரம் செஞ்சிருக்கேன், அதனால தேயிலை பத்தி மட்டும் எழுதறேன்.

தம்பி, செடி ஒவ்வொண்ணா செய்யப் போகாதீங்க. வீ.பி. தேயிலை (விதை போடாம, வெட்டின கொப்புல இருந்து வளர்க்குறது) நாலடிக்கு ரெண்டடி கணக்குல நடுறது, ஒங்க அளவுல அது 14 மில்லிமீட்டருக்கு 7 மில்லிமீட்டர். ஒரு சதுர அடி மலைக்கு தொள்ளாயிரம் செடி வேணும். பாத்திரம் தேய்க்கிற பச்சைத் துண்டு இருக்கே, அதை கத்தரியால ஒரு சென்டிமீட்டர் அகலமா நீட்டுக்கு வெட்டி, வரிசை வரிசையா மலையைச் சுத்தி ஒட்டுங்க, ஓரத்தை மட்டும் அங்கங்க கிள்ளி விடுங்க. உயரம் ஒரு சென்டிமீட்டர் போதும், கொழுந்தெடுக்குற அம்மா பொம்மை 18 மில்லிமீட்டர் இருக்கும், செடி அவங்க இடுப்புக்கு வரணும். மேல்பக்கம் தட்டையா இருக்கணும், அது ரொம்ப முக்கியம், மட்டம் இல்லாத தேயிலை எங்கயும் கெடையாது. உருண்டை உருண்டையா ஒட்டினா கோவா (முட்டைக்கோஸ்) தோட்டம் மாதிரி ஆயிரும். பழைய விதைத் தேயிலை மலைன்னா இப்படி நேர் வரிசை இருக்காது, அப்பாயி போட்டோவுல எதுன்னு பாருங்க.

இப்ப கலர். மலைக்கு ஒரு பச்சை இல்ல. நேத்து கொழுந்தெடுத்த மலை கடும்பச்சை, ஏன்னா மேல இருந்த இளசு எல்லாம் போயிருச்சு, முத்தின இலைதான் மிச்சம். நாளைக்கு எடுக்கப் போற மலை மேல மஞ்சள் கலந்த இளம்பச்சை பூத்த மாதிரி இருக்கும். கிழமைக்கு ஒருக்கா சுத்தி வர்றதால ஒரே மலையில ஒரு துண்டு கடும்பச்சை, பக்கத்துத் துண்டு இளசு, நடுவுல ஒரு கோடு. அதுக்கு மேல ஒரு துண்டு கவ்வாத்து வெட்டி (செடியைக் குட்டையா நறுக்கி) பச்சையே இல்லாம சாம்பலும் மண்ணிறமுமா குச்சி குச்சியா நிக்கும். நான் பாவிக்கிறது, பச்சைத் துண்டை முதல்ல கறுப்பு கலந்த பச்சையில முக்கி எடுத்து காய வச்சு, அப்புறம் ஸ்பொன்ஞ் துண்டுல மஞ்சப் பச்சை தொட்டு மேல்மட்டத்துல மட்டும் லேசா ஒத்தி விடுவேன், அழுத்தக் கூடாது. கவ்வாத்து மலைக்கு தும்புத்தடியில (விளக்குமாறு) இருந்து தும்பை அரை சென்டிமீட்டரா வெட்டி நட்டு வச்சேன், பிள்ளைங்க உடனே "டீச்சர் கவ்வாத்து மலை"ன்னு சொல்லிட்டாங்க.

கொட்டகலை_லைன்

டீச்சர் ரொம்ப நன்றி, இதை இன்னிக்கு ராத்திரியே செஞ்சு பார்க்கப் போறேன். ஒரு சந்தேகம், தேயிலையையே தேயிலைக்கு பாவிக்க ஏலாதா? குடிச்ச சக்கை வீட்டுல தினமும் கெடைக்குது.

சித்திர_டீச்சர்

செடிக்கு வேணாம் தம்பி, கறுப்பாத்தான் இருக்கும். நிலத்துக்கு அதைவிட நல்ல சாமான் இல்ல. மரத்துக்கு அடியில விழுந்த சருகு, காட்டு ஓரம், கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) ஓரம் எல்லாத்துக்கும் அதுதான். பி.ஓ.பி.எஃப். வகைத் தேயிலையில குருணை சின்னது, ஒங்க அளவுக்கு சருகா சரியா வரும், ஓ.பி. வகை நீளமா முறுக்கி இருக்கும், அது விழுந்த கொப்பு, வேர் மாதிரி தெரியும். ஆனா சக்கையை அப்படியே போட்டீங்கன்னா அண்ணே சொன்ன பூஞ்சணம் ஒரு கிழமையில வந்துரும். வெறும் சட்டியில சின்ன நெருப்புல மொறுமொறுன்னு ஆகுற வரைக்கும் வறுத்து, ஆற வச்சு, பைண்டர் கம் தண்ணியால மூடி ஒட்டுங்க. பக்கத்துல இரும்பு ஆணி கெடந்தா தேயிலைச் சாயம் பட்டு கறுத்துப் போகும், வெள்ளை பிளாஸ்டர் மேல அந்தக் கறை தெரியும்.

மிச்ச சாயத்தைக் கொட்டிறாதீங்க, பிளாஸ்டர் கல்லுக்கு பூச நல்லது.

கம்பளை_ஹாட்வெயார்

நான் கடையில நிக்கிறவன், எங்கிட்ட வந்து கேக்குற பிள்ளைகளுக்கு சொல்றதை இங்கயும் சொல்றேன். ரிஜிபோம் மேல ஸ்பிரே பெயின்ட் அடிக்க ஏலா. தின்னர் பட்டா உருகிப் போகும், சப்பாத்து ஒட்டுற கம்மும் அப்படித்தான். ஒரு பிள்ளை ராத்திரி முழுக்க செஞ்ச மலைக்கு காலையில ஸ்பிரே அடிச்சு, அது கண்ணுக்கு முன்னாலேயே குழி விழுந்து போச்சுன்னு அழுதுகிட்டு வந்திச்சு. தண்ணியில கலக்குற பெயின்ட் மட்டும் எடுங்க, ஒட்ட பைண்டர் கம். சூடான கம்பியால வெட்டுறதுன்னா வெளிய வச்சு வெட்டுங்க, அந்தப் புகை நெஞ்சுக்கு கூடாது.

பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் தூள் வாங்கும்போது புதுசா பார்த்து வாங்குங்க. ஈரம் பட்ட பழைய தூள் ஒழுங்கா இறுகாது, மாவு மாவா உதிரும். அது இறுகுறது அரை மணித்தியாலத்துல, ஆனா காயுறது வேற. எங்க பக்கத்து ஈரத்துக்கு ஒரு கிழமையாவது விடணும், கன்னத்துல வச்சுப் பார்த்தா குளிரா இருந்துச்சுன்னா உள்ள இன்னும் ஈரம், அப்ப பெயின்ட் அடிச்சா உரியும்.

இன்னும் ஒண்ணு. சல்லிக்கு ஆத்து மணல் எடுக்குறவங்க முதல்ல அதுக்குள்ள ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்க. கறுப்பா ஒட்டிக்கிட்டு வரும், அது எல்லாம் இரும்புத் தாது. ரயில் மோட்டருக்குள்ள காந்தம் இருக்கு, அந்தத் தூள் உள்ள போனா மோட்டர் முடிஞ்சுது. காந்தத்தை பொலித்தீன்ல சுத்தி விட்டீங்கன்னா தட்டிக் கொட்ட லேசு.

யாழ்தேவி_பயணி

இந்தக் காந்த விசயம் உண்மை, நான் பட்டனான். இரும்புக் கம்பித் தும்பை கிழிச்சு மரத்துக்கு இலையா வச்சனான், ரெண்டு மாதத்தில என்ர இஞ்சின் நிண்டிட்டுது, கழட்டிப் பாத்தா மோட்டர் முழுக்க துரு மயிர். இப்ப மரத்துக்கு செப்புக் கம்பிதான் பாவிக்கிறன். பழைய கரண்ட் வயரை உரிச்சு, உள்ள இருக்கிற மெல்லிய கம்பியளை முறுக்கி அடிமரம், பிரிச்சு கிளை. ஆனா எனக்கு பனையும் வேம்பும்தான் தெரியும், உங்கட மலை மரங்கள் எப்பிடி நிக்கும் எண்டு ஆராவது சொல்லுங்கோ, என்ர அடுத்த மொடல் நானுஓயா.

வட்டவளை_மழை

தேயிலைக்குள்ள நிக்கிறது சவுக்கு மரம் (சில்வர் ஓக்) அண்ணே. நெட்டையா, மெல்லிசா, பக்கக் கொப்பு எல்லாம் வெட்டி விட்டு நுனியில மட்டும் கொஞ்சம் இலை இருக்கும், அதனால கம்பியை ரொம்ப பிரிக்காதீங்க. எச்.ஓ.வுக்கு 15, 18 சென்டிமீட்டர் வரைக்கும் வைக்கலாம், பலரும் மரத்தை குட்டையா செஞ்சுதான் மலையைக் கெடுக்குறாங்க. நானுஓயா பக்கம் டர்பன்டைன் மரம் (யூகலிப்டஸ்) நிறைய, அது பட்டை உரிஞ்சு வெள்ளையும் இளஞ்சிவப்புமா இருக்கும், செப்புக் கம்பியில பைண்டர் கம்மும் மரத்தூளும் பூசி காய வச்சு வெள்ளை அடிச்சு, நீட்டுக்கு மண்ணிறக் கீறல் போட்டுப் பாருங்க. இலைக்கு பழைய ஸ்பொன்ஞ்சை தண்ணி விட்டு பிளெண்டர்ல அரைச்சு, பெயின்ட்ல பிசைஞ்சு காய வச்சு தூவலாம். சமையல் பிளெண்டரை எடுக்காதீங்க, பழசு ஒண்ணு தேடுங்க.

பாறைக்கு பைனஸ் மரப்பட்டை. காட்டோரம் கீழ விழுந்து கெடக்கும், வறுத்த மாதிரி காய வச்சு, உடைச்ச பக்கம் வெளிய தெரிய ஒட்டினா சுரங்கத்துக்குப் பக்கத்துல வெட்டின பாறை மாதிரியே இருக்கும்.

ராகலை_நரோகேஜ்

லயத்துக் கூரை பத்தி யாரும் எழுதல, அதனால எழுதறேன். நான் செய்றது நானுஓயாவுல இருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியா ராகலைக்கு ஓடின பழைய ரெண்டரை அடி லைன், தண்டவாளம் கழட்டி எத்தனையோ வருசம். 9 மில்லிமீட்டர் தண்டவாளம் எச்.ஓ. அளவுக்கு அந்த லைனுக்கு ஏறக்குறைய சரியா வருது, அதனால நான் செய்ற வீடும் ஒங்க அளவுதான்.

தகரத்துக்கு நெளிவு வேணும். உண்மைத் தகரத்துல ஒரு நெளிவுக்கும் அடுத்த நெளிவுக்கும் மூணு இஞ்சி, எச்.ஓ.வுல அது 0.9 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் குறைய. எம்5 போல்ட் மரை 0.8. அப்ப எம்5 மரைக்கம்பி ஒரு சாண் நீளத்துக்கு வாங்குங்க, சாப்பாடு கட்டித்தர்ற அலுமினியத் தட்டை வெட்டி விரிச்சு, பழைய ரப்பர் செருப்பு மேல வச்சு, கம்பியை ரெண்டு கையாலயும் அமுக்கி ஒரே ஒரு தரம் உருட்டுங்க. திரும்ப உருட்டினா கோடு ரெட்டையாயிரும். மரை சாய்வா இருக்குறதால கோடும் கொஞ்சம் சாயும், வெட்டும்போது தட்டு ஓரத்தைப் பார்க்காம கோட்டைப் பார்த்து வெட்டினா நேரா வந்துரும். எட்டடித் தகரம் 28 மில்லிமீட்டர். ஒரே நீளமா போடாம துண்டு துண்டா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஒட்டுங்க, அப்பதான் லயம், இல்லாட்டி ஸ்டோரு (தேயிலை ஆலை) கூரை மாதிரி ஆயிரும்.

காம்பரா (லயத்துல ஒரு வீட்டு அறை) பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒங்க அளவுல 35க்கு 42 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஆறு காம்பரான்னா 21 சென்டிமீட்டர் நீளம், முன்னால இஸ்தோப்பு (திண்ணை), அதுக்கு முன்னால கான். சுவருக்கு ரிஜிபோம் வேணாம், மணி மணியா தெரியும், தடிச்ச காட்போட்ல பைண்டர் கம் ரெண்டு பக்கமும் பூசி, மேல சலிச்ச சுண்ணாம்புத் தூள் கலந்த வெள்ளை.

சித்திர_டீச்சர்

கூரைக்கு ஒரே கலர் அடிச்சிராதீங்க. சில தகரம் புதுசு, சிலது முழுக்க துரு, காம்பராக்காரங்க அவங்கவங்க வசதிக்கு மாத்தினது. செங்கல்லை அரத்தால தேய்ச்சு வர்ற தூளை ஈரப் பெயின்ட் மேல விரலால தட்டுங்க, துரு மாதிரி பிடிக்கும். அடுப்பு இருக்குற பக்கம் கூரை கறுத்திருக்கும். காத்துக்குப் பறக்காம இருக்க மேல கல்லு வச்சிருப்பாங்க, பழைய டயரும் இருக்கும், அது சைக்கிள் வயர் ரப்பர்ல வெட்டலாம்.

மண்ணுக்கு பெயின்ட் வாங்கவே வேணாம், லயத்துக்குப் பக்கத்துல இருந்தே ஒரு கை மண் எடுங்க. வறுத்து, தேயிலை வடியில சலிச்சுப் போடுங்க. பைண்டர் கம் பட்டா ஒரு சுத்து கறுக்கும், அதனால முதல்ல சின்னத் துண்டுல போட்டுப் பார்த்துட்டு செய்ங்க.

பதுளை_கடைசி_ஸ்டேஷன்

சென் கிளையர் அருவி தெரியுற மாதிரி பின்னால வைக்கப் போறீங்களா? வைக்கிறதுன்னா சிலிக்கனை பொலித்தீன் மேல கோடு கோடா இழுத்து, காஞ்ச பிறகு உரிச்சு பாறையில ஒட்டுங்க, வெள்ளை லேசா தடவினா தண்ணி. ரெசின் ஒங்க பக்கத்து ஈரத்துக்கு பிசுபிசுன்னு நிக்கும்.

கொட்டகலை_லைன்

அருவி இல்லண்ணே, அது தலவாக்கலைப் பக்கம், என் துண்டுக்குள்ள வராது. எங்க லயத்துல ஒரு பீலி (தண்ணி வந்து விழுற குழாய்) இருந்திச்சு, அதுக்கு இந்த சிலிக்கன் முறை சரியா வரும்.

நீங்க எல்லாரும் சொன்னதை வச்சு ஒரு அடிக்கு ஒரு அடி துண்டு ஒண்ணு செஞ்சு, வேணும்னே சமையலறை ஜன்னல் கிட்ட வச்சேன், ஒரு மாசம், அதுல பதினெட்டு நாள் மழை. மூணு பங்கா பிரிச்சிருந்தேன். பேப்பரும் மா பசையும் போட்ட மூலையில பதினோராம் நாள் பச்சைப் புள்ளி வந்திச்சு. பேப்பரும் பைண்டர் கம்மும் போட்ட இடம் கொஞ்சம் தொளதொளத்திச்சு, பூஞ்சணம் இல்ல. ரிஜிபோமும் பிளாஸ்டர் பேண்டேஜும் அப்படியே கெடக்கு. வறுக்காத தேயிலைச் சக்கையும் ஒரு கரண்டி வச்சுப் பார்த்தேன், டீச்சர் சொன்ன மாதிரி ஒரு கிழமைதான். அப்ப எங்க வீட்டுக்கு ரிஜிபோம்னு முடிவு.

தேயிலை வரிசையைப் பார்த்துட்டு அம்மா கிட்ட வந்து கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் "இடையில நடக்க வழி விடல, கொழுந்தெடுக்குற ஆளு எங்க நிக்கும்?"னு கேட்டாங்க. வரிசைக்கு வரிசை நெருக்கமா ஒட்டிட்டேன், இப்ப நாலு மில்லிமீட்டர் விட்டு திரும்ப ஒட்டுறேன். போட்டோவை வச்சு அப்பாயி காம்பரா இடது பக்கத்துல இருந்து மூணாவதுன்னும் அம்மாதான் சொன்னாங்க, கதவு நீலமாம், கறுப்பு வெள்ளை போட்டோவுல அது தெரியல.

எம்5 மரைக்கம்பி ஹட்டன்ல கெடைக்கல, எம்6தான் இருந்திச்சு. ஒரு மில்லிமீட்டர் நெளிவு ரொம்ப பெருசா தெரியுமா?

ராகலை_நரோகேஜ்

தெரியாது, எடுங்க. அதைவிட தட்டு மெல்லிசா இருக்கணும், அதுதான் முக்கியம். உருட்டினதை போட்டோ எடுத்துப் போடுங்க, சாய்வை எப்படி வெட்டுறதுன்னு கோடு போட்டுத் தாறேன்.